எரிகாயங்களை இளையதம்பியர் விசாரித்த கதை

களுதாவளையில் இளையதம்பியர் ஒருமுறையாவது சந்தேகப்படாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "எங்க, பிறப்புப் பத்திரத்தை எடு பாப்பம்" என்பார். பஸ்களில் ஏறி டிக்கட் பரிசோதித்தே தலை நரைத்த மனிதர். கல்முனை பஸ்ஸில் டிக்கட் எடுக்காமல் நித்திரை கொள்வதுபோல் நடிக்கிறவனை அவர் கல்லடிப் பாலத்தில் நின்றபடியே மூக்கால் மணந்து பிடிப்பார் என்று ஊரில் சொல்வார்கள். அதை அவர் மறுத்ததே இல்லை. "பாலத்துக்கு அங்கால நிண்டுதான் மணந்த" என்று திருத்தம் மட்டும் சொல்வார்.

பென்சன் எடுத்த பிறகு பஸ் போய்விட்டது, பயணிகள் போய்விட்டார்கள், மூக்கு மட்டும் மிஞ்சியது. அந்த மூக்கு இப்போது ஒரே மகளின் புருசன் பிரதீஸின் பக்கம் திரும்பி நின்றது.

மட்டக்களப்புப் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுத்தால் வீடு மகளுக்கு. மருமகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய வீட்டில் ஏறுவான். அந்த வீட்டைக் கல்லுக் கல்லாகக் கட்டிய தகப்பனும் தாயும் வளவின் பின்மூலையில் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். இளையதம்பியரும் இறங்கினார். சின்ன வீட்டுக்கு யன்னல் வைக்கும்போது, காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று மேசன் கேட்டார். இளையதம்பியர் மகளின் குசினி தெரிகிற பக்கத்தைக் காட்டினார். அதனால் அந்த வீட்டுக்குள் இன்றுவரை காற்று வந்ததில்லை. செய்தி வருகிறது.

காஸ் விலை வானத்தில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து மகள் கம்சாயினி விறகடுப்பில்தான் சமைக்கிறாள். கலியாணம் முடிந்து ஒரு வருசம் போகவில்லை. ஒருநாள் அவள் தகப்பனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தபோது முழங்கைக்குக் கீழே சிவந்த வளைவாக ஒரு எரிகாயம் கிடந்தது.

"என்ன புள்ள இது?"

"சோத்துப் பானை பட்டிட்டுதுப்பா."

"எப்படிப் பட்ட?"

கம்சாயினி கிணற்றடியைப் பார்த்தாள். கிணற்றடியில் பார்ப்பதற்கு ஒரு காகம்கூட இல்லை. இளையதம்பியருக்கு நெஞ்சுக்குள் ஒரு மணி அடித்தது. டிக்கட் எங்கே என்று கேட்டதும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு கடலைப் பார்க்கிறவனின் பார்வை அது. பெற்ற மகளானாலும் பார்வை பார்வைதான்.

அந்தக் காயம் காய்வதற்குள் காலில் சுடுதண்ணிக் கொப்புளம். "வழுக்கிட்டுதுப்பா." குசினி நிலம் பாலைவனத்தைவிடக் காய்ந்து கிடந்ததை அவர் போய்த் தொட்டே பார்த்தார். அதற்குப் பிறகு கழுத்தோரத்தில் ஒரு தீப்புண். அதோடு பேச்சில் ஒரு கொன்னல். நாக்கைக் கடித்துவிட்டேன் என்றாள். சோறு தின்கிறபோது நாக்கைக் கடிக்கிறவர்கள் உண்டு. விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழும்பும்போதே கடித்த நாக்கோடு எழும்புகிறவர்கள் உண்டா? நாக்கை யாரும் சும்மா கடிப்பதில்லை, வாயில் அடி விழுந்தால்தான் கடிபடும் என்று இளையதம்பியர் தீர்ப்பெழுதிவிட்டார்.

"இஞ்ச பாருகா," என்று மனைவி இலட்சுமிப்பிள்ளையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் தாழ்த்திய குரல் களுவாஞ்சிக்குடிச் சந்தை வரைக்கும் போகும். "அவன் நம்மட புள்ளையச் சுடுறான்."

"வாயக் கழுவுங்க. அந்தப் புள்ள சாமி மாதிரி இருக்கான்."

"டிக்கட் எடுக்காத எல்லாரும் சாமி மாதிரித்தான் இருந்தவனுகள். ஒருத்தன் விபூதி பூசிக்கிட்டே ஏறுவான்."

"நீங்க ஒருநாள் பிள்ளையாரிட்டயும் டிக்கட் கேப்பீங்க."

"எலி மேல போறவருக்கு என்னத்துக்கு டிக்கட்? கதைய மாத்தாதகா."

பிரதீஸுக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒரு போன் திருத்தும் கடை. அதிகம் பேசமாட்டான். அதிகம் பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பது இளையதம்பியரின் சட்டம். பேசுகிறவன் பேச்சால் மறைக்கிறான் என்பது அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு. ஆகவே யாரும் தப்ப முடியாது.

அவர் கவனிக்கத் தொடங்கினார். கவனித்தார் என்று சொல்வது குறைவு. யன்னல் கம்பியின் அச்சு அவர் நெற்றியில் விழுந்து, கோயிலில் கண்டவர்கள் விபூதிப்பட்டை என்று நினைக்கும் அளவுக்குக் கவனித்தார்.

மருமகன் ஒருநாள் குளியலறைக் கதவின் உள் கொண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். "துருப் பிடிச்சிட்டு மாமா" என்றான். அவன் கடைக்குப் போனதும் இளையதம்பியர் குப்பைக்குள் கைவிட்டு அந்தக் கொண்டியை எடுத்தார். முகம் பார்க்கலாம் போல மினுங்கியது! மனைவி உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கொண்டியைக் கழற்றும் மனிதன் எப்படிப்பட்டவன்? அடுத்த கிழமை கலியாணக் கட்டில் நான்கு காலும் கழன்று முன்னறையில் சாத்திக் கிடந்தது. மெத்தை நிலத்தில். "முதுகு நோவு மாமா" என்றான். நோவுள்ள முதுகோடு தண்ணியை மட்டும் அவனே அள்ளினான். கம்சாயினியைக் கிணற்றடிக்கு விடவில்லை. வாவிக்கரைக்குத் தனியாகப் போகவும் விடவில்லை.

"சிறையில கூடக் கைதிய வெளிய நடக்க விடுவான்" என்று இளையதம்பியர் யன்னலிடம் சொன்னார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி அந்தப் போன். பிரதீஸ் முற்றத்து மாமரத்தின் கீழ் நின்று, சத்தத்தை அடைத்துவிட்டு, ஏதோ ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். பார்க்கும்போது முகம் செத்த வீட்டு முகமாகிவிடும். மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டால் போன் காற்சட்டைப் பைக்குள் பாயும். பொம்பளை விசயம் என்று இளையதம்பியருக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய வயது, நிறம், ஊர் எல்லாம்கூட அவர் மனத்தில் ஒரு மாதிரி வந்துவிட்டன. ஏறாவூர்ப் பக்கம்.

ஒருநாள் மருமகனே வந்து வாயைக் கொடுத்தான்.

"மாமா, கம்சாக்கு சின்ன வயசில ஏதும் நோய் வருத்தம் இருந்ததா?"

"என்ட புள்ளைக்கா? வருத்தமா? கண்ணாடி மாதிரிப் புள்ள தம்பி."

பிரதீஸ் ஒரு சிரிப்புச் சிரித்தான். சந்தோசமில்லாத சிரிப்பு. "ஓம் மாமா. வடிவா மினுக்கித்தான் தந்திருக்கீங்க."

அந்தச் சொல் இளையதம்பியரின் காதில் சாப்பாட்டோடும் நித்திரையோடும் கிடந்து குடைந்தது. குறை சொல்லித் தள்ளிவிடப் பார்க்கிறானா? இல்லாத வருத்தத்தை இருக்கிறதென்று சொல்லி, மகளை விட்டுவிட்டு, ஏறாவூர்க்காரியோடு போகப் பார்க்கிறானா? அதற்குத்தான் இந்தச் சூடுகளா?

அவர் மகளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

"உண்மையச் சொல்லு புள்ள. அவன்தானே?"

"அவர் ஒண்டும் செய்யல்லப்பா."

"அப்ப ஆர் செய்த?"

"ஒருத்தரும் செய்யல்ல."

"ஒருத்தரும் செய்யாம உடம்பில சூடு முளைக்குமா? கத்தரிக்காயா?"

கம்சாயினியின் கண் நிறைந்தது. "எனக்குத் தெரியாப்பா. சத்தியமாத் தெரியா."

அத்தனை நாளும் அவள் சொன்ன பொய்களை எல்லாம் பொய் என்று சரியாகப் பிடித்த மனிதர், அவள் சொன்ன ஒரேயொரு உண்மையை நம்பவில்லை. புருசனைக் காப்பாற்றுகிறாள் என்று முடிவெடுத்தார். திங்கட்கிழமை களுவாஞ்சிக்குடிப் பொலிசுக்குப் போய் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு என்றி போட்டுவிடுவது. என்றி போட்டால் மகளின் குடும்பம் முடிந்தது, ஊர் வாயில் விழுந்தது. போடாவிட்டால் ஒருநாள் மகளே முடிந்துபோவாள். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, குடும்பம் போனால் போகட்டும், பிள்ளை இருக்கட்டும் என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானம் எடுத்த அன்று அவர் சோறு தின்னவில்லை. இலட்சுமிப்பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இளையதம்பியர் தின்னாமல் இருந்தது அதற்கு முன் சுனாமி அன்றைக்குத்தான்.

ஞாயிறு வந்தது. பிரதீஸ் கடை திறக்கவில்லை. கம்சாயினி குசினியில் சோறு வடிக்க, அவன் குசினி வாசலில் வேலை எதுவுமில்லாமல் நின்றான். உள்ளே போனான், வெளியே வந்தான், மறுபடி போனான். இரை பார்த்த கொக்கு என்று இளையதம்பியர் யன்னலில் இருந்து கணக்கு வைத்தார். கையில் தும்புத்தடி. முற்றம் கூட்ட எடுத்தது என்று யாரும் கேட்டால் சொல்லலாம்.

திடீரென்று பானை விழுந்தது. அந்தச் சத்தத்தில் வளவில் இருந்த கோழிகள் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன. அதோடு ஒரு குரல். மனிதக் குரல் போலவும் இல்லை, மாட்டின் குரல் போலவும் இல்லை.

மகள் வீட்டுக்குள் போவதென்றால் வாசலில் நின்று செருமி, கூப்பிட்ட பிறகுதான் இளையதம்பியர் ஏறுவார். அதுதான் மரியாதை. அன்று அவர் செருமவில்லை. அந்த வயதில் அந்த முழங்கால்களோடு அவர் ஓடிய ஓட்டத்தை யாராவது ஒலிம்பிக்காரன் பார்த்திருந்தால் அவன் சப்பாத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பான்.

குசினிக்குள் சோறும் கஞ்சியுமாகக் கொட்டிக் கிடந்தது. கம்சாயினி நிலத்தில். அவள் மேலே குனிந்து, கழுத்துப் பக்கம் கையை வைத்தபடி பிரதீஸ்.

"கொலைகாரா!"

தும்புத்தடி மருமகனின் முதுகில் இறங்கியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாமா, அடுப்பில இருந்து இழுக்கிறன், அந்தக் காலப் பிடிங்க!" என்று கத்தினான்.

அப்போதுதான் இளையதம்பியர் மகளின் முகத்தைப் பார்த்தார். கண் மேலே செருகி, பல் இறுகி, வாயோரத்தில் நுரை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவருக்கு இது தெரியும். ஓடுகிற பஸ்ஸில் ஆட்கள் இப்படி விழுந்து பார்த்திருக்கிறார். ட்ரைவர் பஸ்ஸை நிறுத்திச் சாவிக்கொத்தைக் கழற்றிக் கையில் பொத்திக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் ஆள் எழும்பி உட்காரும். எல்லாரும் இரும்பைப் புகழ்வார்கள்.

"வலிப்பு! வலிப்பு! இரும்பு எங்க? இரும்பு!"

இரும்பு அடுப்பிலேயே இருந்தது. நெருப்பு ஊதுகிற இரும்புக் குழல், ஒரு நுனி தணலுக்குள், மறு நுனி வெளியே. இளையதம்பியர் வெளியே நின்ற நுனியைப் பிடித்து இழுத்து, மற்ற நுனியை மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

வலிப்பில் இழுபட்ட கை அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டது.

அந்த மணத்தை இளையதம்பியரின் மூக்கு, அந்தப் பேர்பெற்ற மூக்கு, சாகும் வரைக்கும் மறக்காது. பிரதீஸ் பாய்ந்து வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, குழலைத் தன் வெறுங்கையாலேயே பிடுங்கி எறிந்தான். வாளியோடு தண்ணியை இழுத்து அவள் கையை அதற்குள் வைத்தான். அப்புறம்தான் தன் கையையும் வைத்தான். இலட்சுமிப்பிள்ளை பல் விளக்கும் பசையைப் பிதுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதைக் காயத்தில் பூச விடாமல் அவளைப் பிடித்து வைத்ததே தனிப் போராட்டம். வலிப்பு தானாகவே அடங்கியது. இரும்பால் அடங்கியது என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

ஆட்டோ மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றபோது கம்சாயினிக்கு நினைவு திரும்பியிருந்தது. ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், ஒரு குழந்தைபோல, "சோறு வடிச்சிட்டனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

காயத்துக்கு மருந்து கட்டிய தாதி, பஹீமா மிஸி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முழங்கையைப் பார்த்தார். பிறகு கால், கழுத்து. பார்க்கப் பார்க்க அவர் முகம் கடிக்கிற முகமாக மாறிக்கொண்டு போனது.

"இது சுடுதண்ணி பட்டதில்ல. கம்பி வச்ச சூடு. மத்ததெல்லாம் பழைய காயம். ஆரு நீங்க?"

"கணவன், மிஸி" என்றான் பிரதீஸ்.

"உங்கட விரல் எப்படிச் சுட்ட?"

பிரதீஸ் விரல்களை மடக்கிக்கொண்டான்.

"ஒளிக்காதீங்க. நாங்க எத்தின பேரப் பாத்திருக்கம். இஞ்சயே பொலிஸ் இருக்கு. மகள், பயப்படாமச் சொல்லுங்க. இந்தக் கையில ஆரு சூடு வச்ச?"

"தெரியா மிஸி" என்றாள் கம்சாயினி.

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்ற."

இளையதம்பியர் சுவரோடு சுவராக நின்றார். இவ்வளவு நாளும் அவர் யன்னலில் நின்று சேர்த்த சாட்சிகள் அத்தனையும் தாமாகவே நடந்து வந்து இந்த மிஸியின் கையில் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவர் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், என்றி தானாகவே விழும். மருமகன் அவரைப் பார்க்கவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை. கட்டுப்போட்ட மனைவியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான் மிஸி" என்றார் இளையதம்பியர்.

"என்ன நீங்க?"

"சூடு. நான்தான் வச்ச."

ஆஸ்பத்திரிப் பொலிஸ் சார்ஜன்ட் வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இளையதம்பியரைக் கீழிருந்து மேலே பார்த்தார். அப்படிப் பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று இளையதம்பியருக்கு அதுவரை தெரியாது.

"பெத்த புள்ளைக்கு ஏன் ஐயா சூடு வச்ச நீங்க?"

"சூடு வைக்கல்ல சேர். இரும்பு குடுத்த. வலிப்புக்கு இரும்பு குடுக்கிறதுதானே."

"பழுத்த இரும்பா?"

"அவசரத்தில கவனிக்கல்ல சேர்."

"நீங்க எந்தப் பக்கத்தப் பிடிச்ச?"

"ஆறின பக்கம்."

"அப்ப சூடான பக்கம் எதெண்டு உங்களுக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கு!"

 எத்தனையோ பயணிகளை இதுபோன்ற கேள்வியில் குத்தி நிறுத்திய மனிதர், தும்மல் வராத மூக்கைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அப்போது டொக்டர் உள்ளே வந்தார். பிரதீஸ் போனை எடுத்து அவரிடம் நீட்டினான். "இதையும் பாருங்க டொக்டர். விடிய நேரத்தில வாற. மூணு நாலு தரம் பாத்திட்டன்."

ஏறாவூர்க்காரி என்று இளையதம்பியர் எட்டிப் பார்த்தார். படத்தில் நிலத்தில் போட்ட மெத்தை. அதில் அவர் மகள், கண் செருகி, கை வெட்டி, பல் இறுகி.

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க" என்றார் டொக்டர். "நீங்க வாயால சொல்லுறதவிட இது எனக்குக் கூட உதவி."

"காட்டுங்க" என்றாள் கம்சாயினி. "நானும் பாக்கணும்."

யாரும் கொடுக்கவில்லை. அவள் நல்ல கையால் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். முடியும் வரைக்கும் பார்த்தாள். "இது நானா?" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துச் சார்ஜன்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். காசு கொடுத்தாலும் அப்படி ஒரு கூத்துக் கிடைக்காது.

"தெரிஞ்சுகொண்டு மறைச்சுக் கட்டித் தந்திட்டீங்க எண்டு நினைச்சன் மாமா. நீங்களா வாய் திறப்பீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

"நீ என்ட புள்ளையச் சுடுறாய் எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டன்!"

"அப்ப அந்தக் கொண்டி?" என்று இலட்சுமிப்பிள்ளை இடையில் புகுந்தாள்.

"குளிக்கேக்க உள்ளுக்க விழுந்தா எப்படி மாமி கதவத் திறக்கிற?"

"கட்டில்?"

"நித்திரையில இழுத்துக் கட்டில்ல இருந்து விழுந்தா மண்டை உடையாதா மாமி?"

"நிப்பாட்டுங்க!" என்றாள் கம்சாயினி. கொன்னல் நாக்கோடு அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வார்ட்டு நோயாளிகள் பாதி குணமாகி எழும்பினார்கள். "அடுப்படியில நிண்டுகொண்டிருப்பன், மறுகா பாத்தா நிலத்தில கிடப்பன், கை எரியும். எனக்குப் பேய் பிடிச்சிட்டு எண்டு நினைச்சன். தெரிஞ்சா இவர் விட்டிட்டுப் போயிருவார் எண்டு பயந்து, பானை பட்டது, வழுக்கினது எண்டு பொய் சொன்னன். நீங்க யன்னலால பாத்த. இவர் போனால பாத்த. என்னட்ட வந்து, 'புள்ள, உனக்கு இப்படி வருது' எண்டு ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லு, ஆராவது சொன்னீங்களா?"

இளையதம்பியரின் கை அவர் நெற்றியில் கிடந்த யன்னல் கம்பி அச்சைத் தடவியது.

டொக்டர் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு, மற்றவர்களை விட்டுவிட்டு அவளோடு பேசினார். இது பேயுமில்லை, சாபமுமில்லை. மூளையில் வருகிற ஒரு வருத்தம், எந்த வயதிலும் தொடங்கலாம். குளிசையை ஒருநாளும் விடாமல் போட்டால் கூடுதலான பேருக்கு அடங்கிவிடும். அடங்கும் வரைக்கும் நெருப்புக்கும் தண்ணிக்கும் கிட்டத் தனியாக நிற்கக் கூடாது, கொதிக்கிற பானையைத் தூக்கவே கூடாது. வலிப்புக்காரர் நெருப்பில் விழுந்து வருவது இங்கே புதிதில்லை என்றும் சொன்னார். பிறகு இளையதம்பியர் பக்கம் திரும்பினார்.

"வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. பக்கத்தில இருக்கிற சூடான சாமான், கூரான சாமான் எல்லாத்தையும் எடுத்திடுங்க. கையில, வாயில ஒண்டும் வைக்காதீங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா இஞ்ச கொண்டு வாங்க. இரும்பு வேணாம், செருப்பு வேணாம், வெங்காயம் வேணாம்."

"பஸ்ஸில சாவி குடுத்தா எழும்புவாங்களே டொக்டர்?"

"குடுக்காட்டியும் எழும்புவாங்க, ஐயா."

இளையதம்பியரின் வாழ்நாளில் அவர் முகத்துக்கு நேரே இப்படி ஒரு கதவு சாத்தப்பட்டதில்லை.

"சின்னதில காய்ச்சலோட இழுப்பு ஏதும் வந்ததா?" என்று டொக்டர் தாயைக் கேட்டார். இலட்சுமிப்பிள்ளை கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள். "காய்ச்சல் எண்டா... எல்லாப் புள்ளையளும் ஒருக்கா ரெண்டுதரம்..." என்று இழுத்தாள். இளையதம்பியரின் மூக்கு தானாக அவள் பக்கம் திரும்பியது. பிரதீஸின் கண்ணும் திரும்பியது. மாமனும் மருமகனும் முதல் தடவையாக ஒரே ஆளைச் சந்தேகித்தார்கள்.

சார்ஜன்ட் என்றி ஒன்றும் போடாமல் எழும்பிப் போன பிறகு, கம்சாயினி புருசனைப் பார்க்காமல் போர்வையைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கட அம்மா வீட்ட போறதெண்டா இப்பவே போங்க. பிறகு போகாதீங்க."

பிரதீஸ் கட்டுப்போட்ட விரல்களைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கையோட நான் சமைக்கேலா. நீ அடுப்புக்குக் கிட்டப் போகேலா. அங்க போனா அம்மா சமைப்பா. இஞ்ச நிண்டா மாமாதான் சமைக்கணும்." கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றான். "மாமா சமைக்கிறதப் பாக்காமப் போக எனக்கு மனமில்ல."

கம்சாயினி சிரித்தாள். சிரிப்பு நாக்கில் பட்டு நொந்து, அழுகை போலாகி, கடைசியில் இரண்டுமாக நின்றது.

அப்படித்தான் இளையதம்பியர் பெரிய வீட்டுக் குசினியில் ஏறினார். அவர் குழம்பு என்று வைத்த மீனாணத்தை மருமகன் வாயைத் திறக்காமல் தின்றான். பூனை தின்னவில்லை. பூனை நேர்மையான பிராணி.

ஊருக்கு என்ன சொல்வது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து: மூச்சு விடக்கூடாது. வலிப்பென்று தெரிந்தால் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று இலட்சுமிப்பிள்ளை இன்னும் இல்லாத பேத்திக்காக அழுதாள். கம்சாயினியிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த கிளினிக் முடிந்து திரும்பி வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மனிதர்கள் மேலே மனிதர்கள், அவர்களுக்கு மேலே மரக்கறிக் கூடைகள். காத்தான்குடியில் ஏறிய ஒரு வயதான பெண்ணை, "ஆயிஷா உம்மா, இஞ்சால வாங்க" என்று கண்டக்டர் கொண்டுவந்து கம்சாயினிக்குப் பக்கத்தில் நெருக்கி இருத்தினான். உம்மா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். மூச்சு வாங்கி முடிவதற்குள் கேட்டார்.

"என்ன மகள் கையில?"

"தேத்தண்ணி பட்டிட்டு" என்றார் இளையதம்பியர்.

"துணி அயன் பண்ணேக்க" என்றான் பிரதீஸ், அதே நேரத்தில்.

உம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் சார்ஜன்ட் பச்சைக் குழந்தை.

"எனக்கு வலிப்பு, உம்மா" என்றாள் கம்சாயினி. மெதுவாகச் சொல்லவில்லை. "அடுப்படியில விழுந்தன். அப்பா பழுத்த இரும்பைக் கையில தந்தவர். இவர் பிடுங்கி எறிஞ்சவர்."

 இயந்திரமே ஒரு கணம் நின்று கேட்டதுபோல் இருந்தது. இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். அடுத்த கணம் முன் சீட்டிலிருந்து ஒருவர், "இரும்பு குடுக்கிறதுதான், ஆனா ஆறின இரும்பு குடுக்கணும்" என்றார். பின்னுக்கிருந்து ஒரு பெண், "இரும்பில்ல, செருப்பு மணக்கக் குடுக்கணும்" என்றாள். ஆரையம்பதி தாண்டுவதற்குள் பஸ் இரும்புக் கட்சி, செருப்புக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, வெங்காயக் கட்சி சுயேச்சையாக நின்றது. கண்டக்டர் காசு வாங்க மறந்தான்.

"ஒண்டும் குடுக்கப்படா!"

எழும்பி நின்று கத்தியது இளையதம்பியர்தான். "டொக்டர் சொன்னவர், ஒண்டும் குடுக்கப்படா. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். சூடான சாமானத் தள்ளி வைக்கணும். குடுத்து நான் பட்ட பாடு போதும்!"

"நீங்க ஆர் சொல்லுறத்துக்கு?" என்றது செருப்புக் கட்சி.

"சுட்டவன்!" என்றார் இளையதம்பியர்.

 அவர் வியர்த்து உட்கார்ந்தார். பிரதீஸ் தன் தண்ணிப் போத்தலை நீட்டினான்.

செட்டிபாளையம் கடந்தது. களுதாவளை வரப்போகிறது என்று அவர்கள் எழும்பும்போது, ஆயிஷா உம்மா கம்சாயினியின் நல்ல கையைப் பிடித்து இழுத்தார். முழு பஸ்ஸும் கேட்கக் கேள்வி கேட்ட அந்தக் குரல் இப்போது காதுக்குள்ளேயே நின்றது.

"அந்தக் கிளினிக் எந்த நாள் மகள்?"

"செவ்வாக்கிழமை உம்மா. வெள்ளன வரணும். அவங்களையும் கூட்டிக்கொண்டு வாங்க."

"ஆர, மகள்?"

"வீட்ட மறைச்சு வச்சிருக்கிற ஆள."

உம்மாவின் பிடி இறுகியது. பிறகு விட்டார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

பஸ் நின்றது. கீழே இறங்கியதும் இளையதம்பியரின் வாய் திறந்தது. யார் அது, மகனா மகளா, காயம் இருக்குமா, எவ்வளவு நாளாக மறைக்கிறார்கள் என்று ஒரு பஸ் நிறையக் கேள்விகள் நாக்கு நுனியில் வந்து நின்றன. கம்சாயினி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"செவ்வாக்கிழமை நேர பாப்பம், அப்பா" என்றாள். "இப்ப வீட்ட போய் அரிசியக் கழுவுங்க."